சேவல் நத்தை முட்டையிட்ட அன்று

கடிகார அக்காவைப் பற்றி எழுதுவதற்கு என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது. அவருக்கு வேலை கொடுத்தவன் நான். அவர்மேல் பழி போட்டவனும் நான். இன்றைக்கு என் நத்தைப் பண்ணையில் பதினான்கு கொட்டகை நிற்கிறது. அதில் பதின்மூன்றை நான் கட்டினேன் என்று நெஞ்சைத் தட்டிச் சொல்வேன். முதல் கொட்டகை இழுத்து மூடப்படாமல் தப்பியது அவரால். இதை வெளியே சொல்ல எனக்கு இத்தனை வருடம் பிடித்தது. வயது எழுபத்தாறு ஆகிறது. இனியும் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தால் என்னோடு போய்விடும்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். இல்லாவிட்டால் அவர் செய்தது என்ன என்று விளங்காது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மொட்டைமாடியில் நாலு கோழியோடு தொடங்கினேன். முப்பத்தைந்து வயதில் எட்டாயிரம் கோழி. அப்பன் சொத்து இல்லை, மாமனார் சொத்து இல்லை, எல்லாம் இந்தக் கை. இந்தக் கைக்கு ஒரு வித்தை உண்டு. பொரித்து ஒரு நாள் ஆன குஞ்சைப் புரட்டிப் பார்த்துச் சேவலா பெட்டையா என்று சொல்லிவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தப்பாது. வெளியூர்ப் பண்ணைக்காரர்கள் வண்டி அனுப்பி என்னை அழைத்துப்போவார்கள். நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இடது கூடை, வலது கூடை என்று குஞ்சுகளைப் போடப் போட, படித்த டாக்டர்கள் பக்கத்தில் நின்று வாயைப் பிளப்பார்கள். அந்த வேகம் இன்னும் யாருக்கும் வரவில்லை. வராது.

ஐம்பது வயதில் கோழிக் காய்ச்சல் வந்து பாதிக் கொட்டகை காலியானது. அப்போதுதான் பெரிய ஓட்டல் சமையலறைகளும், முகத்துக்குக் களிம்பு செய்கிற ஒரு கம்பெனியும் நத்தை கேட்டுத் திரிகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வளர்ந்த நத்தை அறுநூறு வாங்கினேன். விற்றவர் ஒரே ஒரு யோசனைதான் சொன்னார்: "எல்லாத்தையும் சேத்து வுட்டுடுங்க, அதுங்களே பாத்துக்கும்." இதென்ன சோம்பேறி யோசனை என்று நினைத்தேன்.

முதல் வருடம், முட்டையிட மண் நிரப்பி வைத்த கிண்ணமெல்லாம் முட்டை. வெள்ளை வெளேரென்று, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, குவியல் குவியலாக. இவ்வளவு நன்றாக வருகிறதே, முறைப்படி செய்தால் இன்னும் எவ்வளவு வரும் என்று எனக்கு ஆசை. முறை என்றால் கோழி முறை. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல். வாங்கிய நத்தையையும் அந்த முட்டைகளில் பொரித்து வளர்ந்ததையும் ஒன்றாகச் சேர்த்துப் புரட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என் கை சும்மா இருக்குமா? பெரியது, ஓடு கனத்தது, வாய் விளிம்பு தடித்தது சேவல். சிறியது, விளிம்பு மெல்லியது பெட்டை. இப்படி நானே கண்டுபிடித்தேன். நாற்பது பெட்டி. பெட்டிக்குப் பத்துச் சிறிசு, ஒரு பெரிசு. மிச்சமிருந்த பெரிசெல்லாம் தண்டச் சேவல் என்று சமையலறைக்கு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஸ்டூலைப் போட்டு உட்கார்வேன். இடது கூடை, வலது கூடை. ஒரு பெட்டியில் புதிதாக ஒன்று பெருத்திருந்தால், "இதுவும் சேவல்தான், போன மாசம் ஏமாத்திடுச்சு" என்று எடுத்து வலது கூடையில் போட்டுவிடுவேன்.

அந்த நாளில்தான் கடிகார அக்கா வேலைக்கு வந்தார்.

ஒரு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் பதினெட்டு வருடம் ஆயாவாக இருந்தவர். ஆஸ்பத்திரி வேறு இடத்துக்குப் போனபோது இவரைக் கூட்டிப்போகவில்லை. கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச். குழந்தை வெளியே வந்த நிமிஷத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக வாங்கியதாம். நர்சுகள் வலியைப் பார்ப்பார்கள், டாக்டர் ரத்தத்தைப் பார்ப்பார், அவரவருக்கு ஆயிரம் வேலை. மணி பார்க்கிறவர் இவர் ஒருவர்தான். அதனால் அந்தப் பெயர். வார்டில் வைத்த பெயர், கூடவே என் பண்ணைக்கும் வந்துவிட்டது.

"நத்தையைத் தொடுவியாம்மா? அருவருப்பா இருக்காதா?" என்று கேட்டேன்.

"பதினெட்டு வருஷம் அந்த வார்டுத் தரையைத் துடைச்சிருக்கேன் ஐயா. உங்க நத்தை புதுசா என்னத்தைக் காட்டிடப் போகுது?"

அன்றைக்கே வேலை கொடுத்தேன். ஆளைப் பார்த்ததும் எடை போடுகிற கண் எனக்கு எப்போதுமே உண்டு. வேலையோடு வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அறையும் கொடுத்தேன். அவரும் அவர் வீட்டுக்காரரும் அதில் குடியேறினார்கள். வீட்டுக்காரர் தையல்காரர். முதுகு போய்விட்டதால் கடையை விட்டவர். ஒரு தையல் மெஷினும், இரண்டு டிரங்குப் பெட்டியும், ஒரு ஸ்டவ்வும்தான் சாமான். மெஷினை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு என் நத்தைப் பெட்டிகளுக்கு வலை மூடி தைத்துக் கொடுப்பார். சமையலும் அவர்தான். அக்காவுக்குச் சோறு பொங்கத் தெரியாது. தெரியாது என்று அவரே பெருமையாகச் சொல்லுவார்.

வேலை இதுதான். காலையும் மாலையும் பெட்டிகளில் தண்ணீர் தெளிக்க வேண்டும். வாடிய முட்டைக்கோஸ் இலையை எடுத்துப் புதிது வைக்க வேண்டும். ஓடு கனப்பதற்குச் சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும். தட்டில் படிந்த கோழையைச் சுரண்டிக் கழுவ வேண்டும். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிப்பார்கள். இவர் மூன்று மணி நேரம் எடுப்பார். ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். பார்த்துவிட்டு ஒரு பழைய நோட்டில் எழுதுவார். பெட்டி நம்பர், மணி, என்ன நடந்தது.

"என்னத்தை எழுதற? பிரசவமா நடக்குது?" என்று சிரிப்பேன்.

"நடக்கும்போது எழுதாம வேற எப்ப எழுதறது ஐயா?" என்பார்.

இதற்கிடையில் முட்டை குறைய ஆரம்பித்தது. இரண்டாம் வருடம் பாதி. மூன்றாம் வருடம் நாற்பது பெட்டியில் நாலைந்து பெட்டியில்தான் முட்டை. தீவனத்தை மாற்றினேன், மண்ணை மாற்றினேன், தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத் தெளித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தோல்வி என்றால் என்னவென்று தெரியாதவன் நான். என் முறையில் தப்பு இருக்கும் என்று கனவில்கூட நினைக்கவில்லை. யாரோ என் நத்தைகளுக்கு ஏதோ செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஒரு காலை மேற்பார்வை பார்க்கிற என் மச்சான் ஓடி வந்தான். உள்ளங்கையை விரித்துக் காட்டினான். சுண்டுவிரல் நகத்தளவு நீளத்தில் வெள்ளையாக, கூராக, ஐந்தாறு முள்.

"மாமா, மீன் முள்ளு! பெட்டித் தட்டுல கெடந்துச்சு. ஒரு பெட்டியில இல்ல, மூணு பெட்டியில."

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. கொட்டகைக்குள் யாரும் எதையும் சாப்பிடக் கூடாது என்பது முதல் நாளிலிருந்து என் சட்டம். நத்தைமேல் உப்பு பட்டால் நுரை தள்ளிச் செத்துப்போகும். உப்புப் போட்ட மீனைக் கொட்டகைக்குள் வைத்துத் தின்றால் முட்டை எங்கிருந்து வரும்? கொட்டகைக்குள் மணிக்கணக்கில் உட்கார்கிறவர் யார்? முள்ளை என் கையில் வாங்கிக்கொண்டு போய், குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த பதினோரு வேலையாட்கள் முன்னால் அவரைக் கூப்பிட்டேன்.

"உக்காந்து உக்காந்து நோட்டு எழுதறன்னு பாத்தா, உள்ள உக்காந்து மீனா திங்கற?"

அக்கா என் உள்ளங்கையைப் பார்த்தார். "இது மீன் முள்ளு இல்லீங்க ஐயா."

"பின்ன என்ன, யானைத் தந்தமா?"

யாரோ சிரித்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் சத்தம் கேட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "ஐயா, எங்க வீட்ல மீனே வாங்கறதில்லைங்க. எனக்கு முள்ளுன்னா பயம்."

"முப்பது வருஷம் வாயில ஊசியைக் கவ்விட்டுத் தைச்சவருக்கு மீன் முள்ளு பயமாம்!" என்றான் மச்சான்.

"ஊசி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமே தம்பி. முள்ளு எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

இன்னும் சிரிப்பு. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நோட்டைப் பிரித்தார். "நான் இதை நாலு மாசமா பாத்துட்டு வர்றேன். இந்த முள்ளு எந்தப் பெட்டியில கெடக்குதோ, அந்தப் பெட்டியிலதான் பதினஞ்சு இருபது நாள்ல முட்டை வருது. முள்ளு இல்லாத பெட்டியில வர்றதே இல்லைன்னு சொல்லலாம். எழுதி வச்சிருக்கேன், பாருங்க."

"ஓ, மீனைத் தின்னுட்டுத்தான் முட்டை போடுதா? அப்ப நான் ஒரு வண்டி மீன் எறக்கிடறேன்." எல்லாரும் சிரித்ததும் எனக்கு வேகம் வந்துவிட்டது. "பொய் சொல்றவங்க என் பண்ணையில வேணாம். மாசக் கடைசியில அறையைக் காலி பண்ணிக் குடுத்துடு."

சொல்லிவிட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை நான் ரொம்பக் காப்பாற்றி வைத்திருந்தேன். முதுகு போன வீட்டுக்காரரோடும் ஒரு தையல் மெஷினோடும் அந்த அம்மா எங்கே போவார் என்று யோசிக்கவில்லை. பிறகு மச்சானிடம் கேட்டேன், போக இடம் உண்டா என்று. "எங்க மாமா இருக்கு? தங்கச்சி வீட்டுல ஒரு வாரம் தாங்குவாங்களாம்" என்றான்.

அன்று மதியம் அக்கா என் ஆபீஸ் அறைக்கு வந்தார். அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை.

"போகச் சொன்னா போறேன் ஐயா. வேலை போறதும் அறை போறதும் இருக்கட்டும். பதினோரு பேரு முன்னாடி பொய்க்காரின்னு பேரு வச்சு அனுப்பறீங்க. அந்தப் பேரோட போக மாட்டேன். மாசக் கடைசிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கு. எனக்கு உங்க தண்டச் சேவல்ல ரெண்டு குடுங்க. ஒரு கண்ணாடிப் பெட்டி குடுங்க."

"ரெண்டு சேவலை வச்சு என்ன பண்ணுவ?"

"முட்டை போட வைக்கறேன்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். எட்டாயிரம் கோழி வளர்த்தவனிடம் வந்து சேவலை முட்டையிட வைக்கிறேன் என்கிறார். அந்தத் தைரியத்துக்காகவே சரி என்றேன். சேவல்களை நானே பொறுக்கினேன். இருப்பதிலேயே பெரியது இரண்டு, விளிம்பு நன்றாகத் தடித்தது. ஓட்டின்மேல் நானே ஒன்றுக்குச் சிவப்புப் பெயிண்ட், ஒன்றுக்கு நீலப் பெயிண்ட் வைத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை மச்சானிடம் கொடுத்தேன். ஏமாற்ற வழி இருக்கக் கூடாதில்லையா?

மூன்றாம் நாள் விடியும்போதே மழை. அக்கா கொட்டகையின் ஜன்னல்களில் நனைந்த சாக்கைத் தொங்கவிட்டு உள்ளே இருட்டாக்கி வைத்திருந்தார். நத்தைக்கு ஈரமும் இருட்டும் இருந்தால் பகல்கூட ராத்திரிதான். எட்டரை மணிக்கு ஆளனுப்பினார். "ஐயாவை ஸ்டூலோட வரச் சொல்லு. நேரமாகும்."

போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். ஒரு சின்ன டார்ச்சுக்குச் சிவப்புத் துணி சுற்றிப் பிடித்திருந்தார். சிவப்பும் நீலமும் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டிருந்தன. நாலு கொம்பும் நாலு கொம்பும் தொட்டுத் தொட்டு உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தன. பிறகு ஒன்றை ஒன்று சுற்ற ஆரம்பித்தன. ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம். வாயால் கடித்துப் பார்த்தன. தலைக்கு வலப் பக்கம் கழுத்தில் வெள்ளையாக ஏதோ புடைத்து வந்தது.

"சண்டை போடுதுங்க," என்றேன். சேவல் இரண்டு சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? "சிவப்புதான் ஜெயிக்கும், பாரு."

"சண்டையா? பொறுங்க ஐயா."

பத்து மணி பத்து நிமிடத்துக்கு நீலம் ஒரு குலுங்கு குலுங்கியது. சிவப்பு சுருக்கென்று பின்வாங்கியது. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். சிவப்பின் கழுத்துச் சதையில் ஒரு வெள்ளை முள் குத்தி நின்றது.

"அடேய், குத்திட்டான்!" என்று கத்திவிட்டேன்.

"கத்தாதீங்க. இது லேபர் வார்டு மாதிரி. உள்ள வந்தா வாயை மூடிட்டு இருக்கணும்."

என்னிடம் அப்படிப் பேசினவர் என் அம்மாவுக்குப் பிறகு அவர்தான். வாயை மூடிக்கொண்டேன். சிவப்பு ஓடிப்போகவில்லை. கொஞ்ச நேரம் சுருண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்தது. திரும்பவும் சுற்றியது. இருபத்தைந்து நிமிடம் கழித்து அதுவும் ஒரு முள்ளை எய்தது. அது நீலத்தின்மேல் படாமல் வழுக்கித் தட்டில் விழுந்தது. அக்கா அதை எடுத்து என் உள்ளங்கையில் வைக்கவில்லை. அதைக் காட்டிப் பேசவும் இல்லை. நோட்டில் மணியை மட்டும் எழுதினார். நான்தான் குனிந்து பார்த்தேன். மச்சான் கொண்டுவந்து காட்டியது அதேதான். அதே நீளம், அதே கூர், அடிப்பக்கம் பூப்போல அதே விரிவு. எந்த மீனுக்கும் அப்படி முள் கிடையாது. அன்றைக்கே நான் உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குஞ்சின் அடிப்பக்கத்தில் கடுகளவு வித்தியாசம் பார்க்கிற கண் எனக்கு. அதைக்கொண்டு அந்த முள்ளை ஒரு நிமிடம் பார்க்கவில்லை.

பிறகு இரண்டும் சேர்ந்தன. கழுத்தோடு கழுத்து ஒட்டி, அசையாமல், மதியம் ஆகியும் பிரியவில்லை. நான் சாப்பிடப் போகவில்லை. தையல்காரர் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து எட்டிப் பார்த்தார்.

"இதுல மாப்பிள்ளை யாரு, பொண்ணு யாரு?" என்று மனைவியிடம் கேட்டார்.

"ரெண்டுமே ரெண்டும். இது அதுக்குக் குடுக்குது, அது இதுக்குக் குடுக்குது. ரெண்டும் உண்டாகும்."

"அப்ப வீட்ல யாரு சமைக்கறது?"

"நம்ம வீட்ல யாரு சமைக்கறா?"

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சிரிக்கவில்லை. எனக்குள் ஏதோ மெதுவாகச் சரிந்துகொண்டிருந்தது. எத்தனை திங்கட்கிழமை. எத்தனை வலது கூடை.

"அப்ப சேவல் பெட்டை எதுவுமே இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. வாய் விளிம்பு தடிச்சா வயசுக்கு வந்ததுன்னு அர்த்தம். தடிக்காததெல்லாம் பச்சப் புள்ளைங்க. நீங்க ஒரு பெரியவரோட பத்துப் பள்ளிக்கூடப் புள்ளைங்களை அடைச்சு வச்சுட்டு முட்டை வரலையேன்னு கேட்டா எங்க இருந்து வரும்? அதுல ஒண்ணு வயசுக்கு வந்ததும் பெரியவருக்கு ஒரு துணை கெடைக்குது. அப்பதான் முள்ளு கெடக்கும். அதுக்குள்ள உங்க திங்கட்கெழமை வந்துடும்."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனே. போன மாசம் ரெண்டு தடவை. 'கோழிக்காரன்கிட்ட கோழி கத்துக்குடுக்காத'ன்னு சொன்னீங்க."

சொல்லியிருப்பேன். அது என் வாயில் எப்போதும் இருந்த வார்த்தைதான்.

நாலு ஐம்பதுக்கு இரண்டும் பிரிந்தன. அக்கா அவற்றைத் தனித்தனிக் கண்ணாடிப் பெட்டியில், மண் போட்ட கண்ணாடிக் கிண்ணத்தோடு வைத்தார். மச்சான் பூட்டினான். அப்போதும் என் மனதில் ஒரு மூலை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். கட்டிப்பிடித்தால் மட்டும் போதுமா, முட்டை வரட்டும் பார்க்கலாம் என்று அந்த மூலை சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த இரண்டு வாரமும் ஒரு நாளைக்கு நாலு தடவை கொட்டகைப் பக்கம் போனேன். வேறு வேலையாகப் போவதுபோலப் போவேன். அக்கா வாட்சைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், தண்ணீர் தெளிக்கப் போய்விடுவார். கேட்டோரத்து அறையில் ஒரு டிரங்குப் பெட்டி கட்டி வைக்கப்பட்டிருந்தது. தையல் மெஷினுக்குச் சாக்கு சுற்றியிருந்தது. அதைப் பார்க்கும்போது, நத்தையே, எப்படியாவது முட்டையிட்டுவிடேன் என்று நானும் வேண்டிக்கொண்டேன். என் பேர் போனாலும் பரவாயில்லை என்று நான் நினைத்தது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

பதினேழாம் நாள் காலை ஏழு இருபதுக்குச் சிவப்பு மண்ணுக்குள் தலையைப் புதைத்திருந்தது. ஓடு மட்டும் வெளியே தெரிந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் கீழே ஒரு சின்னக் குழி. அதில் ஒன்று, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அன்று மதியம் நீலமும் தலையைப் புதைத்தது. ஒரு நாள் பூராவும் இரண்டும் இட்டன. முடிந்ததும் அக்கா ஒரு கரண்டியால் மண்ணை விலக்கி எண்ணினார். சிவப்புக்குத் தொண்ணூற்று நாலு. நீலத்துக்கு நூற்றெட்டு. நான் என் கையால் பெயிண்ட் வைத்த இரண்டு தண்டச் சேவல்கள்.

மச்சான்தான் முதலில் வாய் திறந்தான். "மாமா, ரெண்டு வருஷமா நாம தாயெல்லாம் சமையலறைக்கு அனுப்பியிருக்கோம்."

"தகப்பனையும்தான்," என்றார் அக்கா.

பின்னால் ஒரு கல்லூரி வாத்தியார் பாடம் நடத்த நத்தை வாங்க வந்தபோது இதையெல்லாம் படித்த வார்த்தையில் விளக்கினார். அந்த முள் சுண்ணாம்பால் ஆனது. நத்தையே உடம்புக்குள் செய்துகொள்கிறது. ஒரு தடவை எய்தால் இன்னொன்று வளர ஒரு வாரம் ஆகும். முள்ளோடு உள்ளே போகிற கோழை, கொடுத்த விதை வீணாகாமல் காக்கும். வாங்கிய விதையை ஒரு நத்தை மாதக்கணக்கில் உள்ளேயே பத்திரமாக வைத்திருக்குமாம். தனியாகக் கிடந்த பெரிசு எப்போதாவது முட்டையிட்டு என் முறை சரி என்று என்னை ஏமாற்றியது அதனால்தான். வாத்தியார் பேசி முடித்ததும் அக்கா நோட்டை நீட்டினார். அவர் அதை அரை மணி நேரம் புரட்டினார். தன் மாணவர்களில் ஒருவர்கூட இப்படிப் பார்த்ததில்லை என்றார். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். என் பண்ணை ஆள் என்று சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அது பிறகு. முட்டை எண்ணிய அன்று எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, "சரி, நீ அறையைக் காலி பண்ண வேணாம். இனி கொட்டகை உன் பொறுப்பு" என்றேன். பெரிய மனது பண்ணிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அக்கா நகரவில்லை. "சொன்னது பதினோரு பேரு முன்னாடி ஐயா. திருப்பி எடுக்கறதும் அங்கதான்."

அன்று ராத்திரி இதை வீட்டில் சொன்னேன். என் மனைவி, "ஒரு வார்த்தைதானே, சொன்னா நாக்கு தேஞ்சுடுமா?" என்றாள். தேயாது. ஆனால் பழக்கமில்லாத நாக்கு.

மறுநாள் காலை எட்டரைக்குக் குழாயடியில் எல்லோரையும் நிற்கவைத்தேன். அக்கா ஓரமாக நின்றார், தையல்காரர் பக்கத்தில். நான் எங்கிருந்தோ ஆரம்பித்தேன். நாலு கோழி, மொட்டைமாடி, எட்டாயிரம், படித்த டாக்டர்கள் வாய் பிளந்தது. சொல்லிக்கொண்டே போனேன். சொல்ல வேண்டியது பக்கத்தில் வரும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பினேன்.

"ஐயா, எட்டு நாப்பத்தஞ்சு ஆச்சு," என்றார் அக்கா. "சொல்ல வந்ததைச் சொல்லுங்க. தண்ணி தெளிக்கணும்."

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வாய் திறந்தது. "அது மீன் முள்ளு இல்ல. இவங்க பொய் சொல்லல. தப்பு என்னோடது. மன்னிச்சுடுங்கம்மா," என்றேன். பதினோரு பேரும் மண்ணைப் பார்த்தார்கள். தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீ போடட்டுங்களா ஐயா?" என்று கேட்டார்.

அக்கா, "சரிங்க ஐயா" என்றார். அவ்வளவுதான். குத்திக் காட்டவில்லை. அன்று மட்டுமில்லை, அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் அந்தப் பண்ணையில் இருந்தார், ஒரு நாள்கூடக் குத்திக் காட்டவில்லை. என்னிடம் வேலை செய்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். எனக்குத் தெரிந்ததை எனக்கே திருப்பிச் சொன்னவர்கள்தான் அதில் அநேகம். எனக்குத் தெரியாததைச் சொன்னவர் இவர். சொல்லி, நான் கேட்காதபோதும் கோபித்துக்கொண்டு போய்விடாமல், ஒரு கண்ணாடிப் பெட்டி கேட்டு வாங்கி, பார்க்கவைத்தார். இதற்கு நான் என்ன கொடுத்தாலும் ஈடில்லை. அறையைப் பெரிதாகக் கட்டி அவர்கள் பேருக்கே எழுதினேன், அது வேறு. இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். இதை எழுதி முடித்ததும் அவரிடம் படித்துக் காட்டினேன். மூன்று இடத்தில் மணி தப்பு என்று திருத்தினார். நான் என்னைப் பற்றி எழுதிய இடத்தில், "தொண்ணூத்தேழா? தொண்ணூத்தஞ்சுன்னுதானே அப்பல்லாம் சொல்லுவீங்க?" என்று கேட்டார். தொண்ணூற்றேழுதான். நான் மாற்றவில்லை.

அந்தக் காலையில் இன்னொன்றும் நடந்தது. ஓட்டல் சமையலறை வண்டி ஒன்பது மணிக்கு வந்துவிட்டது. அந்த மாதத்து முதல் திங்கட்கிழமை நான் பிரித்துப் போட்ட வலது கூடைகள் ஆறும் கேட்டருகே மூடிக் கட்டித் தயாராக இருந்தன. மச்சான் ஒரு கூடையைத் தூக்கினான்.

"வைப்பா அதை," என்றார் அக்கா.

குந்தி உட்கார்ந்து கட்டை அவிழ்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து, வாய் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். ஓடு உடைந்தது, கிழண்டு வெளுத்தது ஒரு பக்கம். நல்லது இன்னொரு பக்கம். அவசரமே இல்லை. நல்லதைப் போட ஒரு காலிக் கூடை வேண்டியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. நானே ஒன்றை எடுத்துவந்து அவர் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ புடிங்க ஐயா. தூக்கிப் போட்டா ஓடு உடையும்."

கீழே பிடித்தேன். முட்டி வலித்தது, நானும் குந்தி உட்கார்ந்தேன். வண்டிக்காரன் ஹார்ன் அடித்தான், அரை மணி நேரமாக நிற்பதாகக் கத்தினான்.

"நில்லுய்யா," என்றேன். "அக்கா பாத்துட்டு இருக்காங்க."